முதலில் காட்டும் வீடு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்களும் நலம் என்று வழக்கம்போல எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், கை வரவில்லை. போனில் சொல்லலாம். ஆனால் போனை எடுத்தாலே உன் அத்தான் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். காலும் கையும்தான் விழுந்தனவே தவிர, காது பாம்புக் காது. அதனால்தான் கடிதம். படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடு.

முதலில் அவர் உடம்பு. இடது பக்கம் முன்பைவிட மோசம். குளியலறை மாடியில் இருப்பதால் மாடியிலேயே கிடக்கிறார். அப்பா ஏன் அப்படிக் கட்டினார் என்று இனி யாரைக் கேட்பது? படியைத்தான் உனக்குத் தெரியுமே, ஏணிக்கு உடன்பிறப்பு. ஊரில் இருக்கிற கட்டடங்களுக்கெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்த மனிதர், சொந்த வீட்டில் ஒரு மாடி இறங்க முடியவில்லை. இதை அவரே சொல்லிச் சிரிக்கிறார். நான் அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வருகிறேன்.

இனி அப்பா வீட்டை விற்கிற விஷயம். கோபப்படாமல் படி.

முதலில் விலை பார்க்க வந்தாரே, கண்ணாடி போட்ட தரகர் அம்மா, நினைவிருக்கிறதா? சுவரைத் தட்டிப் பார்த்து, படி ஏறி மூச்சு வாங்கி, இந்த வீடு இவ்வளவுதான் போகும் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். நீ போனிலேயே பொரிந்து தள்ளினாய். "உங்க வேலை வீட்டை விக்கறதா, மட்டம் தட்டறதா?" என்று கேட்டாய். அந்த அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்து வந்தவரும் ஏறக்குறைய அதையே சொன்னார். அவரையும் அனுப்பி வைத்தோம்.

மூன்றாவதாக வந்தவர்தான் சாவிக்கொத்து. ஆள் வருவதற்கு முன்னால் இடுப்புச் சாவிகளின் சத்தம் வந்துவிடுவதால் அத்தான் வைத்த பெயர் அது. நீ இணையத்தில் பார்த்து ஒரு விலை சொன்னாய். அது அடுத்த தெருவில் யாரோ கேட்டுக்கொண்டிருந்த விலை, யாரும் கொடுத்த விலை இல்லை. சாவிக்கொத்து கண்கூட இமைக்கவில்லை. "உங்க வீடு, உங்க விலை. போட்டுப் பாப்போம் சார்" என்றார். உனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். கூடுதலாக வந்தால் அத்தான் வைத்தியத்துக்கு ஆகும் என்று எனக்காகவும் சேர்த்துத்தான் பிடிவாதம் பிடித்தாய்.

சாவிக்கொத்து வாசலில் போர்டு மாட்டிய கையோடு எங்களுக்கு ஒரு வீடும் காட்டினார். மருந்துக்கடைக்குப் பின்னால், மாடிப்படியே ஏற வேண்டாத கீழ்வீடு. உன்னிடம் அதைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டேன், ஆனால் ஒன்று சொல்லவில்லை. வாசலில் ஒரு இரும்புக் கைப்பிடி இருந்தது. அத்தான் அதை வலது கையால் பிடித்துக்கொண்டு, என் தோளைத் தொடாமல், தானே உள்ளே போனார். உள்ளே போய்த் தெருவைப் பார்த்த ஜன்னல் பக்கம் நின்று, நாற்காலி இங்கேதான் என்றார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. நம் வீடு விற்றதும் அதை வாங்குவது என்று முடிவு செய்தோம்.

அப்புறம் நம் வீட்டைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். வந்துகொண்டே இருந்தார்கள். நோயாளி இருக்கிற வீடு என்றால் வாங்குகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று சாவிக்கொத்து சொன்னதால், ஒவ்வொரு தடவையும் அத்தானைக் கீழே இறக்கி எதிர்த்த தையல்கடையில் உட்கார வைப்போம். தையல்காரர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் அவர் மூட்டை மாதிரி. மருந்து வாடை போக ஜன்னல்களைத் திறந்து, படுக்கையைச் சுருட்டி, தரையைத் துடைத்து முடிப்பதற்குள் எனக்கு இடுப்பு ஒடிந்துவிடும். வருகிறவர்கள் படியைப் பார்ப்பார்கள், மேல்சுவர் ஈரத்தைப் பார்ப்பார்கள், விலையைக் கேட்பார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். சாவிக்கொத்து நம் வீட்டைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை பேச மாட்டார். கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நிற்பார். கடைசியில், "பக்கத்துலயே இன்னொண்ணு இருக்கு, ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடலாமா?" என்று கூட்டிக்கொண்டு போவார். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பாத நல்ல மனுஷன் என்று நானும் நினைத்தேன்.

போன வாரம் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர் வந்தார். அதற்கு முன் ஒரு நாள் வீடு பார்க்க வந்தபோது மறந்து வைத்துவிட்டுப் போன குடையை எடுக்கத்தான். நல்ல பெண். குடையை வாங்கிக்கொண்டு எனக்கு நன்றி சொன்னாள். "உங்க வீட்டையும் விலையையும் பாத்துட்டு அடுத்து அதைப் பாத்தோமா, கொள்ளை மலிவாத் தெரிஞ்சுதுங்க. அன்னைக்கே முன்பணம் குடுத்துட்டோம்" என்றாள். எந்த வீடு என்று கேட்டேன். மருந்துக்கடைக்குப் பின்னால், வாசலில் கைப்பிடி வைத்த கீழ்வீடு என்றாள். நல்லா இரும்மா என்றுதான் சொன்னேன். வேறு என்ன சொல்ல?

சாவிக்கொத்தை வரச் சொன்னேன். வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும் என்று காத்திருந்தேன். அந்த மனுஷன் எதையும் மறைக்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "நான் முடியாதுன்னா இன்னொருத்தன் சரின்னுவான்க்கா. உண்மையச் சொன்ன அந்த அம்மாவ நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். போர்டு தொங்கினால் போன் வரும், இந்த வீட்டைக் கேட்டு வருகிறவர்கள்தான் வேறு வீடு வாங்குகிறார்கள், விலை கூடின வீட்டை முதலில் காட்டினால் அடுத்த வீடு தானாக விற்கும் என்று தொழிலைப் பாடம் மாதிரி ஒப்பித்தார். "நாலஞ்சு மாசம் போனா வீட்டுக்காரங்க மனசு பழுத்துடும், அப்ப விலையக் குறைப்பாங்க. அதுவரைக்கும் வெச்சிருப்போம்" என்றார். அந்தக் கீழ்வீடு எங்களுக்கு என்று தெரிந்தும் அவர்களுக்கு ஏன் காட்டினாய் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். "இது வித்தாத்தானே நீங்க அதை வாங்க முடியும்? இந்த விலைக்கு இது போகாதுன்னு எனக்கு மொத நாளே தெரியும்க்கா" என்றார்.

எனக்குத் திட்ட வரவில்லை. இலவு காத்த கிளி யாரைத் திட்டும்? நம் வீட்டைக் காட்டித்தான் நமக்கு வேண்டிய வீட்டை விற்றிருக்கிறார்கள். அதற்காகத்தான் உன் அத்தானை அத்தனை தடவை படியில் இறக்கி ஏற்றினேன்.

நேற்று டாக்டர் வந்து பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இனி இவரை இடம் மாற்ற வேண்டாம், பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.

தம்பி, விலையைக் குறை என்று இனி உன்னைக் கேட்க மாட்டேன். கூட்டுவதோ குறைப்பதோ உன் இஷ்டம். எந்த விலைக்கு என்றாலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். எனக்கு இப்போது அவசரம் ஒன்றும் இல்லை.

ஆனால் கீழ்வீடு கைவிட்டுப் போனது அத்தானுக்குத் தெரியாது. ஜன்னலுக்குத் துணி எடுக்கச் சொல்லித் தினமும் நச்சரிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது உன்னிடமும் கேட்பார். நம் வீட்டுக்கு நல்ல விலை வந்திருக்கிறது, முடிந்த மாதிரிதான் என்று சொல். எப்போது குடிபோகலாம் என்பார், அடுத்த மாதம் என்று சொல். உனக்குப் பொய் வராது, சின்ன வயதிலேயே திருதிருவென்று விழிப்பாய், நல்லவேளை போனில் முகம் தெரியாது. இந்த ஒரு தடவை மட்டும், அவர் என்ன கேட்டாலும் ஆமாம் என்று சொல்லிவிடு.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். லீவு கிடைத்தால் வா. கிடைக்காவிட்டாலும் வா.

உன் அக்கா