கராஜுக்கு வைத்த நாள்கல்

ஒக்டோபர் 3, செவ்வாய்

விடியவே மப்பு. மழைக்கு முன் கொங்கிறீற்றைப் போட்டாக வேண்டும். கொழும்பில் குண்டுப் பயம், இரவில் காரை ஒழுங்கையில் விடக்கூடாதென்று பொலிஸ் வந்து சொல்லிவிட்டுப் போனது. அதனால்தான் முற்றத்தில் கராஜ். ஆசைக்கு இல்லை.

வதனி கிழக்கு வெளுக்கும் முன்னே நல்ல நேரம் பார்த்து வைத்திருந்தாள். ஈசான மூலையில் கிடங்கு. சின்னச் செம்பு, உள்ளே பொன் துணுக்கு, வெள்ளி, நவதானியம், வாயில் சிவப்புத் துணி. "காருக்கும் வீடு குடிபூரல் செய்வமோ?" என்றேன். முறைத்தாள்.

"நாள்கல் வைக்காமல் ஆரும் அத்திவாரம் போடுறதே?"

செம்பை இறக்கி மண் தள்ளியவன் அவளுடைய தம்பி சிவம். ரோர்ச் பிடித்தது நான். பக்கத்து வீட்டு மேல்மாடிச் சன்னலில் யாரோ நின்ற மாதிரி.

மேசன் நானா பிந்தித்தான் வந்தார். பின்னேரத்துக்குள் தளம் முடிந்தது. "நல்லா தண்ணி ஊத்துங்க. ஒரு கெழம போகணும், அதுக்குப் பொறகுதான் ஓட்டை போட ஏலும்."

ஒக்டோபர் 4, புதன்

வெயில். முதுகுப் பிடிப்பு.
வாங்க: றோல் போல்ற், வாசர், வெல்டிங் குச்சி, பனடோல்.

சிவம் ஊரில் வெல்டிங் கடை வைத்திருந்தவன். இரும்புச் சட்டம் முழுக்கத் தானே அடிக்கிறானாம். சும்மா இருந்தால் யோசனை வருகிறதாம். வெள்ளி 13 அவனுக்குக் கனடா விசா நேர்முகம். மனைவியும் மகளும் அங்கே. மகளை இன்னும் கையில் தூக்கியதில்லை. வதனி சேர்ட்டை இப்போதே அயர்ன் பண்ணித் தொங்கவிட்டிருக்கிறாள்.

ஒக்டோபர் 6, வெள்ளி

சட்டம் நிமிர்ந்துவிட்டது. நாலு காலும் தளத்தில் சும்மா நிற்கின்றன. போல்ற் இறுக்கும் வரை மாமரத்தில் கயிறு. சிவம் பாட்டு முணுமுணுக்கிறான், ராகம் இல்லாமல்.

ஒக்டோபர் 7, சனி

பொலிஸ். விடியப்புறம் எதையோ புதைத்தோமென்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சார்ஜன்ட் தளத்தைச் சப்பாத்தால் தட்டி, "மேக்க யட்ட மொனவத?" என்றார். கீழே என்னவாம். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நாள்கல்லை 'முல்கல' என்றேன். அவர்களிடமும் அந்த வழக்கம் உண்டு. மனிதருக்கு விளங்கியது. விளங்கியதுதான் வினை.

"கெதரட்ட ஹரி. கராஜ் எக்கட்டத்?"

வீட்டுக்கென்றால் சரி, கராஜுக்குமா? நானே கேட்ட கேள்வி. 

மூலையை உடைத்தார்கள். செம்பு வந்தது. துணியை அவிழ்த்தார்கள், பயறும் உழுந்தும் கொட்டுப்பட்டன. சார்ஜன்ட் சிரித்தார். முடிந்ததென்று நினைத்தேன். "வைச்சது ஆர்?" என்று கேட்டார்கள். சிவம் "நான்தான்" என்றான். அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். ஜீப்பில் ஏற்றினார்கள்.

செம்பைக் கண்ட பிறகும் ஏற்றினார்கள். 

ஒக்டோபர் 8, ஞாயிறு

சோற்றுப் பார்சலை வாங்கிக்கொண்டார்கள். ஆளைக் காட்டவில்லை.

பின்னேரம் மழை, கடல் காற்று. உடைந்த மூலைக் கால் அந்தரத்தில் ஆடியது. நானும் வதனியும் நனைந்து நனைந்து ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"விடுங்கோ, விழுந்து துலையட்டும். என்ரை செம்பாலை வந்தது."

சொன்னாளே தவிர, கை விடவில்லை. அவளில் பிழை இல்லை என்று சொல்லியிருக்கலாம். 

ஒக்டோபர் 10, செவ்வாய்

விட்டார்கள். ஆள் மெலிந்து, கன்னம் ஒரு பக்கம் வீங்கி. கேட்டால், "ஒண்டுமில்லை அத்தான்."

ஆனால் நாளைக்குள் கொழும்பை விட்டு ஊருக்குப் போய்விட வேண்டும். நேர்முகக் கடிதத்தைக் காட்டினேன். அதிகாரி படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். போய், கொழும்புக்கு வர அனுமதிப் பாஸ் எடுத்துக்கொண்டு வரட்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள் பாஸ்! எந்தக் கடவுள் கொடுப்பார்?

தொலைபேசியில் கனடா. மகள் "அப்பா எப்ப வருவார்?" என்றது எனக்கே கேட்டது. சிவம் "லைன் சரியில்லை" என்று வைத்துவிட்டான். லைன் நன்றாகத்தான் இருந்தது.

ஒக்டோபர் 11, புதன்

காலையிலேயே துளைக்கும் சத்தம். சிவம் குந்தியிருந்து தளத்தில் ஓட்டை போடுகிறான். உடைந்த மூலையில் காலை ஒரு முழம் உள்ளே தள்ளி, புதுத் தகடு ஒட்டி, அங்கே நாலு போல்ற். தூசியை வாயால் ஊதி ஊதி.

"விடடா சிவம். பஸ்ஸுக்கு முதல் கொஞ்சம் படு."

"காத்துக்கு விழுந்தால், அத்தான், அதுக்கும் உங்களைத்தான் கேப்பாங்கள்."

நானாவும் வந்து தகரம் ஏற்றிக் கொடுத்தார். எல்லாம் முடித்துச் சட்டத்தைத் தோளால் முட்டிப் பார்த்தான். அசையவில்லை. குளித்துவிட்டு, நேர்முகத்துக்கு வைத்திருந்த சேர்ட்டையே போட்டுக்கொண்டு பஸ் ஏறினான். வேறு சேர்ட் எடுத்துக் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

ஒக்டோபர் 12, வியாழன்

தூறல். கார் கராஜுக்குள்.

வேலைக்குப் போக வெளியே வந்தால், வதனி காரின் முன்சீற்றில். கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்டிருக்கிறாள். வாயைச் சேலையால் பொத்தவில்லை. பெரிதாக, வாய் திறந்து அழுகிறாள். வெளியே ஒரு சத்தமும் இல்லை. மேல்மாடிக்குக் கேட்காது.

கார்த் திறப்பு என் கையில் இருந்தது. பஸ்ஸில் வேலைக்குப் போனேன்.