கருப்பு இதழ்களுக்கு அர்த்தம் கேட்கிறார்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே உனக்கு ஒரு பிளக்ஸ் வைத்திருக்கிறார்கள். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. நடுவில் உன் முகம். யார் வீட்டுக் கல்யாணத்திலோ எடுத்த படத்திலிருந்து வெட்டியது. பக்கத்தில் நின்றவளின் பூச்சரம் உன் காதோரம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. முகத்துக்குப் பின்னால், சாமி படத்து ஒளிவட்டம் போல, நான் உன் கையில் பச்சை குத்திய மண்டலா. அதைப் பெரிதாக்கித் தங்க நிறம் வேறு பூசியிருக்கிறார்கள். கீழே ஒரு வாசகம்: ‘மையத்தில் கணவனை வைத்துப் பூஜித்த மாதரசியே.’ நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். எனக்குக் காறித் துப்பத்தான் தோன்றியது. பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் ஓர் அம்மாள் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

வைத்தது உன் புருஷன்தான். வலது ஓரத்தில் அவர் படமும் இருக்கிறது, கைகூப்பி, பட்டுச் சட்டையோடு. அவர் பேரை இந்த மடலில் எழுதப் போவதில்லை. ஒரு தடவை எழுதப்பட்ட இடத்தில் அது படுத்திய பாடு போதும்.

ராஜபாளையத்தில் என் டாட்டூ கடை அதே மாடியில்தான் இருக்கிறது. கீழே மொபைல் கடைக்காரனின் பாட்டுச் சத்தமும் அப்படியே. மண்டலா மோகமும் ஓயவில்லை. ஜிம்முக்குப் போகிற பையன்கள், கல்லூரிப் பிள்ளைகள், கல்யாணம் நின்றுபோனவர்கள், எல்லோரும் போனை நீட்டிக்கொண்டு வருகிறார்கள். எல்லோருடைய போனிலும் ஒரே படம்: வட்டத்துக்குள் வட்டம், சுற்றிலும் தாமரை இதழ், நடுவில் ஒரு புள்ளி. அடுத்து ஒரே கேள்வி. “அக்கா, இதுக்கு என்ன மீனிங்?” முதலில் படத்தைப் பிடித்துவிடுகிறான், பிறகுதான் அர்த்தம் தேடுகிறான். மேல்நோக்கிய முக்கோணம் நெருப்பு, கீழ்நோக்கியது தண்ணீர், தாமரை மனசு, புள்ளி பரம்பொருள் என்று நானும் ஒப்பிப்பேன். காதல் தோற்றவன் என்றால் மறுபிறவி, பரீட்சையில் தோற்றவன் என்றால் மன ஒருமை. அவனவனுக்கு வேண்டியதை அவனவனுக்கு எடுத்துக் கொடுப்பேன். போன மாதம் ஒருத்தன் தன் நாயின் நெற்றியில் மண்டலா இருப்பது போல வரையச் சொன்னான். நாய்க்கு எதற்கடா பரம்பொருள் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

சின்ன வயதுச் சிநேகிதி என்ற உரிமையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நீ வந்து என் கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பாய். ஒருநாள் ஒரு பையன் என்னை விட்டுவிட்டு உன்னிடம் அர்த்தம் கேட்டான். நீ முகத்தைக் கோயில் பூசாரி போல வைத்துக்கொண்டு, “தம்பி, ரெண்டு வாரம் சொறியாம இருந்தா நிலைக்கும். அதான் இதோட அர்த்தம்” என்றாய். அவன் பயபக்தியோடு தலையாட்டினான். அவன் போன பிறகு நான் அவனைக் கரித்துக்கொட்டியபோது, “ஏட்டி, விடு. உன் மெஷின்ல இருக்க ஊசியை விட உன் வாயில இருக்க ஊசி பெருசு” என்றாய். நீ யாரையும் கேவலமாக நினைத்ததில்லை. உன் பங்குக்கும் சேர்த்து நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் பேர் உன் கைக்கு வந்த கதையை நீயே சொல்லியிருக்கிறாய். கல்யாணமான புதிது. ஆடிப்பூரத் தேருக்குப் போன இடத்தில், ரதவீதி ஓரம் மெஷின் வைத்து உட்கார்ந்திருந்த ஒருத்தனிடம் உன் கையைப் பிடித்து நீட்டியவர் அவர்தான். முன்கையின் உள்பக்கம் தடித்த எழுத்தில் அவர் பேர். உங்கள் கையில் என் பேர் எங்கே என்று நீ கேட்டதற்கு, “நான் நாலு பேரு கூட யாவாரம் பண்றவன். கையில பொம்பளைப் பேரு இருந்தா நல்லாவா இருக்கும்?” என்றாராம். டைல்ஸ் கடை முதலாளிக்குக் கை அவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டியிருந்தது.

அதே கையைத்தான் ஒருநாள் அவர் முறுக்கினார். சொந்தக்காரர்கள் நிறைந்த மண்டபத்தில், அவர் சொன்னதற்கு நீ ஏதோ மறுத்துப் பேசிவிட்டாய். எல்லோருக்கும் முன்னால் உன் கையைத் திருப்பிப் பிடித்து, எழுத்தை உன் கண்ணுக்கு நேரே காட்டி, “யாரு பேரு போட்ட பொருளுன்னு பாத்துக்கோ” என்றார். பந்தியில் இருந்தவர்கள் இலையைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். அன்றைக்கே தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மடவார் வளாகத்தில் உன் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாய். பிறகு அவர் தீபாவளிக்குத் தீபாவளி வந்தார். பிள்ளைக்குப் புதுத்துணி கொடுத்து, கூட நின்று படம் எடுத்து, அன்றைக்கே ஸ்டேட்டஸில் போட்டுக்கொண்டார். அவருடைய தகப்பன் கடமை அவ்வளவுதான்.

பேரை மறைக்க வேண்டும் என்று நீ என்னிடம் வந்தபோது, கருப்புப் பட்டை போடலாமா, ரோஜா போடலாமா என்று யோசித்துவிட்டுக் கடைசியில் மண்டலாவைத்தான் எடுத்தேன். அதில் தத்துவம் ஒன்றும் கிடையாது. பழைய எழுத்தை விழுங்குவதற்கு இதழ்கள் வசதி. எழுத்து நெளிகிற இடத்தில் இதழை நெளிக்கலாம், தடித்த இடத்தில் கருமையாக நிரப்பலாம். இந்தத் தொழிலில் இருக்கிற யாரும் செய்வதுதான். உன் கையின் மேலேயே பேனாவால் வரைந்தேன். ஒரு பக்கத்து இதழ்கள் மட்டும் கன்னங்கரேலென்று வந்தன. மற்ற பக்கம் மெல்லிய கோடுகள்.

“மண்டலான்னா எல்லாப் பக்கமும் ஒண்ணுபோல இருக்கணும்ட்டி. அந்தப் பக்கத்தையும் கருப்பா நெரப்பிருதேன்” என்றேன்.

“எதுக்கு? அந்தாளு பேரு இருக்க எடத்துல வலிச்சாப் போதும். பேரு இல்லாத எடத்துல நான் எதுக்கு வலி தாங்கணும்?”

“சரி, நடுவுல என்ன வைக்க? ஓம்? தாமரை?”

“ஒண்ணும் வைக்காத. அந்த எடமாவது என் தோலா இருக்கட்டும்.”

அதனால் நடுவில் வட்டம் மட்டும் போட்டு உள்ளே விட்டுவிட்டேன். அவர் பேரின் கடைசிப் புள்ளியும் மறைந்ததும் துடைத்துக் காட்டினேன். நீ கையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். பிறகு அழுதாய். வலியில் அழுகிறாய் என்று நினைத்து நான் ஐஸ் எடுக்கப் போனேன். “ஐஸ் வேண்டாம். செத்த நேரம் சும்மா இருக்கேன்” என்றாய். கிளம்பும்போது, “பிள்ளைகிட்ட அவிய அப்பாவப் பத்தி நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. உன் வாய் எனக்குத் தெரியும். சத்தியம் பண்ணு” என்றாய். பண்ணினேன். இன்றைக்கு வரைக்கும் நான் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான்.

நீ சட்டென்று போய்விட்டாய். தலைவலி என்றாய், மதுரைக்குக் கொண்டு போனார்கள், திரும்பி வரும்போது நீ இல்லை. வாசலில் உன்னைக் கிடத்தியிருந்தபோது அவர் காரில் வந்து இறங்கினார். உன் கையைப் பார்த்தார். பேர் இருந்த இடத்தில் மண்டலா. வேறு எந்த மனுஷனாக இருந்தாலும் அந்த இடத்தில் தலை குனிந்திருப்பான். அவர் குனியவில்லை. கூட்டத்தைப் பார்த்து, “பாத்தியளா? ஊரு கண்ணு பட்ரும்னு என் பேரை உள்ள வச்சு, சுத்திக் கோலம் போட்டு வச்சிருக்கா” என்று சொல்லி அழுதார். நாலு பெண்கள் சேர்ந்து அழுதார்கள். உன் மகள் முதல் தடவையாக அவர் தோளில் சாய்ந்தாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அம்மாவைத் தொலைத்துவிட்டு நிற்கிறவளுக்கு அப்பாவாவது இருக்க வேண்டாமா?

போன வாரம் அவரும் உன் மகளும் என் கடைக்கு வந்தார்கள். அவர் இப்போது நிறையப் படித்திருக்கிறார், எல்லாம் போனில்தான். நாற்காலியில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

“தங்கச்சி, மண்டலாங்கிறது சும்மா இல்ல. நடுவுல இருக்கது கர்ப்பக்கிரகம். சுத்தி இருக்க எதழெல்லாம் பொண்டாட்டியோட பக்தி. அவ படிக்காமலே இதையெல்லாம் புரிஞ்சு வச்சிருக்கா, பாருங்க. அதே டிசைன எங்க ரெண்டு பேருக்கும் போட்டு விடுங்க. திதிக்கு முன்னால ஆறிரும்ல? போட்டோ எடுக்க ஆள் சொல்லிருக்கேன்.”

“ரெண்டு பேருக்கும் அதே மாதிரியா?”

“எனக்கு அதே மாதிரி. பாப்பாவுக்கு மட்டும் நடுவுல என் பேரு. தெளிவா தெரியணும்.”

உன் மகள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அதே முன்கை, அதே உள்பக்கம். ஒரு மச்சம்கூட இல்லாத கை. அவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள், வயது வந்தவள், வேண்டாம் என்று தடுக்க எனக்குச் சட்டமும் இல்லை. நான் போடாவிட்டால் மதுரையில் போட்டுவிடுவார். எந்தப் பேரை உன் கையிலிருந்து எடுக்க நீயும் நானும் அந்தப் பாடு பட்டோமோ, அதே பேர் உன் பிள்ளை கைக்கு ஏறப் போகிறது, உன் பக்தி என்ற பொய்யோடு சேர்ந்து. என் வாயிலோ உன் சத்தியம் கிடக்கிறது. அன்றைக்கு உன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பேசாமல் செத்துப்போனவளுக்கு என்ன, இருக்கிறவள் அல்லவா வாயைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.

அவரைப் பற்றித்தானே பேசக் கூடாது. என் வேலையைப் பற்றிப் பேசலாமே என்று தோன்றியது. போனில் இருந்த உன் கைப் படத்தை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

“பாப்பா, இது வெறும் தோலுல போடுற டிசைன் இல்ல. இது கவர்-அப்.”

“அப்படின்னா என்ன சித்தி?”

“அடியில இருக்கது வெளிய தெரியக் கூடாதுன்னு மேல போடுறது. வேண்டாம்னு நெனைக்கிறதுக்கு மேலதான் போடுவோம்.”

அவள் படத்தை விரலால் பெரிதாக்கினாள். “இந்தப் பக்கம் மட்டும் ஏன் இம்புட்டுக் கருப்பு?”

“எழுத்து இருந்த எடம்.”

“நடுவுல?”

“நடுவுல நான் மையே வைக்கல. வைக்காதன்னு உங்கம்மா சொல்லிட்டா.”

அவர் தொண்டையைச் செருமினார். “அது வந்து பாப்பா, தத்துவார்த்தமா பாத்தா வெறுமைங்கிறதும்...” என்று தொடங்கினார். அந்த நேரத்திலும் அந்த மனுஷனுக்குத் தத்துவம் வந்தது, பார்த்துக்கொள். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உன்னைப் போல அவளுக்கும் கோபம் வந்தால் குரல் உயர்வதில்லை. சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிட்டுப் பொத்தானைப் போட்டாள்.

“நீங்க போட்டுக்கோங்கப்பா. எனக்கு மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல.”

அவ்வளவுதான் சொன்னாள். என்னிடம் போய்ட்டு வாரேன் சித்தி என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனாள். அவர் சட்டையைச் சுருட்டிய கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு, “போட்டோக்காரன்கிட்ட வேற சொல்லியாச்சு. எனக்கு மட்டுமாவது போட்டு விடுங்க” என்றார். கடை சாத்தும் நேரமாகிவிட்டது என்றேன். அப்போது மணி பதினொன்று, காலை.

சாயங்காலம் அவள் போன் செய்தாள். அம்மா அந்த ஆளை வெறுத்தாளா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். மறைத்ததும் மறந்துவிட்டுப் பள்ளிக்கூட ஆபீஸ் வேலைக்குப் போனவள் நீ. அவளும் உன் பிள்ளை, நாலு நாளில் மனசு ஆறி அவருக்குச் சோறு போட்டாலும் போடுவாள். போடட்டும். என்னையும் அவரை மன்னிக்கச் சொல்வாய், தெரியும். அது மட்டும் என்னால் ஆகாது. நீயும் விட்டுவிட்டாய், அவளும் விட்டுவிடுவாள், ஊரோ பிளக்ஸைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறது. அந்த ஆள் யார் என்று தெரிந்து கேவலமாக நினைக்க இந்த உலகத்தில் ஒருத்தியாவது வேண்டும். அந்த வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ நிம்மதியாக இரு.