நீ எண்ணெய்ச் சட்டி வைக்காத கிறிஸ்துமஸ்

இன்று காலை ஓசூர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் ஒரு டப்பாவைத் திறந்தாள். தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் கலந்த அச்சு முறுக்கு வாசனை. உன் கைப்பக்குவம் இவளுக்கு எப்படி வந்தது என்று உத்தனப்பள்ளி தாண்டும்வரை அவளைச் சந்தேகமாகவே பார்த்துக்கொண்டு வந்தேன். டப்பாவை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். என்னைத் திருடி என்று நினைத்திருப்பாள்.

நாலாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இந்தக் கடிதத்தில் பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள். மேலே உனக்கு வேறென்ன வேலை?

ராயக்கோட்டையில் நம் இரண்டு வீட்டுக்கும் ஒரே நடுச்சுவர். உன் வீட்டுக்காரருக்கு ஓசூர் கம்பெனியில் வேலை கிடைத்ததால், திருநெல்வேலிப் பக்கமிருந்து இந்தக் குளிருக்கு வந்து சேர்ந்தாய். டிசம்பர் பிறந்தால் உன் வாசலில் காகித நட்சத்திரம் எரியும். கோட்டை மலையில் பனி இறங்குகிற சாயங்காலத்தில் எண்ணெய்ச் சட்டியை வைத்துவிட்டுச் சுவரைத் தட்டுவாய். தக்காளி மண்டியிலிருந்து வந்ததும் வராததுமாக ஓடிவருவேன். நீ அச்சை மாவில் முக்க, நான் உன் பேச்சைக் கிண்டல் செய்ய, பாதி முறுக்கு கருகும். "இப்பிடிச் சிரிக்க வைக்கியளே அக்கா!" என்பாய்.

ஒரு புரட்டாசியில் என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். அதோடு ஊரும் எனக்கு வேறு ஊராகிவிட்டது. காலையில் நான் எதிரே வந்தால் லாரிக்காரர் வண்டியை எடுக்காமல் நிற்பார். கூட வேலை செய்தவள் தன் மகளின் வளைகாப்புக்கு என்னை மட்டும் அழைக்காமல் விட்டுவிட்டாள். நான் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன். உன் வீட்டு வாசல் ஒன்றாவது எனக்கு மிச்சம் என்று நினைத்தேன்.

டிசம்பர் வந்தது. உன் வாசலில் நட்சத்திரம் இல்லை. சுவர் தட்டும் சத்தமும் இல்லை. சாயங்காலமானால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். என்னைக் கண்டால் தலையைக் குனிந்தாய். துணி காயப்போடும் சாக்கில் உன் அடுப்படி ஜன்னலை மோந்து பார்த்தேன். வாசனையே இல்லை. சரி, இவளும் ஊரோடு சேர்ந்துவிட்டாள், என் கண்ணில் படாமல் வேறெங்கோ சுடுகிறாள் என்று முடிவு கட்டினேன்.

பண்டிகைக்கு முந்தின நாள் பொறுக்க முடியாமல் உன் பையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டி, அச்ச எங்க ஒளிச்சு வெச்சிருக்கற? நான் தொட்டா எண்ணெ பொங்கிடுமா?"

நீ திகைத்துப்போனாய். "என்னக்கா சொல்லுதிய? துக்க வீட்டுல ஒரு வருசம் பண்டிகைக்கு எண்ணெச் சட்டி வைக்க மாட்டோம்னு நீங்கதான சொன்னிய? ஒத்தச் சுவரு. நான் இங்க சுட்டா வாசன உங்க வீட்டுக்குத்தான வரும்? அதான் எங்க சர்ச்சுக் கோயில்ல வச்சு எல்லாருமாச் சுடுதோம்."

"நட்சத்திரம்?"

"அண்ணன் படத்துக்கு நீங்க வெளக்கேத்தையில எங்க வாசல்ல கலர் லைட்டா எரியும்?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை.

"உங்க சாமி பொறந்த நாளுக்கு எங்க துக்கம் எதுக்குடி? சட்டிய வை. நீ சொல்றது நெசமா பொய்யான்னு பாத்துடலாம்."

எண்ணெய் காய்ந்ததும் அச்சை என் கையில் கொடுத்தாய். "மொத அச்சு நீங்க போடுங்க."

அந்த வருஷம் எதையும் முதலில் தொடு என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. உன் முகத்தையே பார்த்தேன், எங்காவது ஒரு சுளிப்பு தெரிகிறதா என்று.

"என்ன பாக்கிய? அச்சு ஆறுதுல்லா!" என்று அதட்டினாய்.

பதறிப்போய் முக்கினேன். மாவு பாதி அச்சிலேயே ஒட்டிக்கொண்டது. "இதுக்குத்தான் இந்த அக்கா கையில குடுக்கக் கூடாதுங்கது!" என்றாய். ஊரே மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததை, நீ ஒரு முறுக்குக்காகச் சத்தமாகச் சொன்னாய். அப்போதுதான் நம்பினேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை இரண்டு பேரும் சிரித்தோம்.

அப்புறம் கம்பெனி மாறி உங்கள் ஊர்ப்பக்கமே போய்விட்டீர்கள். போன தை மாதம் உன் வீட்டுக்காரர் போன் செய்து, நீ இறந்துவிட்டதாகச் சொன்னார். இரண்டு முறை திருப்பிக் கேட்டேன். அதையும் நான் இன்னும் முழுசாக நம்பவில்லை.

இப்போதெல்லாம் கல்யாண வீட்டில் யாரும் சொல்லாமலே முன்வரிசையில் உட்காருகிறேன். முகம் சுளிப்பவள் எவள் என்று ஒரு கண் வைத்துக்கொள்கிறேன். தாலி கட்டும்போது எழுந்துபோய், மாப்பிள்ளைக்கு வலிக்கிற அளவுக்குக் கிட்ட நின்று அட்சதை போடுகிறேன்.