வெறுங்காலில் எட்டு மைல்

தலைமன்னார்
18.04.1979

அன்புள்ள பெற்றி,

பதினொரு வயதுப் பிள்ளை ஒருத்தி, அக்காவைக் கேட்காமலே அக்காவின் பெயரில் வைத்த நேர்த்திக்கடன் அக்காவைக் கட்டுமா? உன் கடிதம் வந்ததிலிருந்து யோசிக்கிறேன்.

நான் பேராதனையில் நெருப்புக்காய்ச்சலில் கிடந்தபோது, “அக்கா பிழைச்சால் வெறுங்காலோட மடுக் கோயிலுக்கு நடந்து வருவா” என்று மாதாவிடம் சொன்னாயாம். இருபத்தேழு வருடமாக என்னிடம் சொல்லவில்லை. என்னைப் பிழைக்க வைத்தது ஆஸ்பத்திரி மருந்து. நேர்த்தி தீராததால்தான் உன் இரண்டு பிள்ளைகளும் வயிற்றில் தங்கவில்லை என்பதை என்னால் ஏற்க முடியாது. டொக்டர் சொல்வதைக் கேள்.

பள்ளிக்கூடத்தில் வேலை அதிகம். களைப்பாக இருக்கிறது. கோபமில்லை.

அக்கா,
அன்ரோனெற்


கானோ, நைஜீரியா
21.05.1979

என்ர அன்பு அக்கா,

கோபமில்லை எண்டு நீங்கள் எழுதினால் கோபம் எண்டுதானே அர்த்தம்! வாசிச்சு அழுது, பிறகு சிரிச்சனான்.

உங்களைப் பறிகுடுக்கப் போறம் எண்ட பயத்தில வாயில வந்ததைச் சொல்லிப்போட்டன். நீங்கள் சிரிப்பியள் எண்டு பிறகு சொல்லேல்லை. இப்ப அஞ்சாம் மாசம். டொக்டர் சொன்னபடி படுத்துத்தான் இருக்கிறன், நித்திரைதான் வருகுதில்லை. முப்பத்தெட்டு வயசு அக்கா, இனி இன்னொரு தரம் எனக்கு இல்லை.

நீங்கள் நம்ப வேண்டாம், நடந்தால் போதும். யூலை ரெண்டாம் திகதி ஆடித் திருவிழாவுக்கு உங்கட பக்கத்து வீட்டுப் பிரான்சிஸ்கா ஆக்கள் மடு றோட் ஸ்ரேசனிலயிருந்து காட்டுக்குள்ளால நடக்கினம். அவையோட போங்கோ. முழுக்க நடந்தனான் எண்டு ஒரு வரி எழுதுங்கோ. நீங்கள் ஆருக்காகவும் பொய் சொல்லமாட்டியள். அந்த வரியை வைச்சுக்கொண்டு நித்திரை கொள்ளுவன்.

உங்கட தங்கச்சி,
பெற்றிசியா


மடு
30.06.1979

அன்புள்ள பெற்றி,

நீ கேட்ட வரியை எழுத முடியவில்லை.

இன்று இருட்டோடு ஸ்ரேசனிலிருந்து வெறுங்காலில் புறப்பட்டோம். ஐந்தாம் மைல் கட்டையில் விடிந்தது. பாலை மரங்களின் இடுக்கால் வெயில் நீள நீளமாக இறங்கியது. எங்கள் கால் கிளப்பிய புழுதி முழுவதும் பொன்னாக நின்றது. பெண்கள் அப்படியே முழந்தாளிட்டார்கள். “மாதா வந்திட்டா!” என்றாள் பிரான்சிஸ்கா. நான் மட்டும் நின்றேன். அழகாகத்தான் இருந்தது. சூரியன் தாழ இருந்தால் எந்தக் காட்டிலும் இப்படி விழும். அதைத் தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எல்லாரும் எதையோ கண்டு எழுந்தபோது, என் உடம்பில் மிச்சமிருந்த பலமும் போய்விட்டது.

பின்னால் சாமான் வண்டி வந்தது.

“ஏறுங்கோ ரீச்சர், மாதா என்ன கட்டை எண்ணிக்கொண்டே இருக்கிறா?” என்றாள் பிரான்சிஸ்கா.

“நேர்த்தி எல்லோ?” என்றேன்.

“சொல்லாட்டி ஆருக்குத் தெரியும்? நாங்கள் மூச்சுவிட மாட்டம்!”

எல்லாரும் சிரித்தார்கள். நான் ஏறிவிட்டேன். கால் நொந்து அல்ல, களைத்துத்தான். கடைசி மூன்று மைலும் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து வந்தேன்.

முழுக்க நடந்ததாக இரண்டு தரம் எழுதிக் கிழித்தேன். என் சொல்லை நம்பிப் படுத்திருக்கிறாய். அந்த நம்பிக்கையைக் கெடுக்க மனம் வரவில்லை. மன்னித்துக்கொள்.

அக்கா

01.07.1979

இதை இன்னும் தபாலில் போடவில்லை. இன்று நடந்ததையும் எழுதுகிறேன். திருவிழாவுக்கு நிற்காமல் வீட்டுக்குப் போகப் பத்தரை மணி பஸ் ஏறினேன். ஐந்தாம் கட்டையில் மணியடித்து இறங்கினேன். “இது காடு அம்மா, இஞ்ச என்ன அலுவல்?” என்று கொண்டக்டர் கேட்டார். நேற்றைய ஒளி அங்கே இல்லை. சுடு வெயில், புழுதி புழுதியாகவே கிடந்தது. செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன். துணைக்கு ஒருவரும் இல்லை. செபமும் சொல்லவில்லை. இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழும்பினேன். ஒன்றரை மணிநேரம் பிடித்தது. வண்டியில் வந்த அந்த மூன்று மைலையும் கோயில் வாசல்வரை நடந்தேன்.