கோந்தில் ஒட்டிய வால்

மார்ச் 4
இன்று முழுக்க ஒரு வண்டின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்குத்தான் சம்பளம். குட்டைச் சிறகு வண்டு. மேல் சிறகு பாதி முதுகோடு நின்றுவிடும், மிச்ச வயிறு வெட்டவெளியில். துணி போதாமல் தைத்த சட்டை மாதிரி. நெல்மணியைவிடச் சிறியது, செம்பு நிறம், நல்ல பளபளப்பு. நாத்தனார் தன் வீட்டுத் தோட்டத்தில் அழுகிய காளானுக்கு அடியில் பிடித்துக் கொடுத்தது. வெளித்தோற்றத்தை வைத்து இவற்றை இனம் பிரிக்க முடியாது. ஆணின் உறுப்பை உருவி எடுத்து வடிவத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தேன். நுனியில் ஒரு கொக்கி. எந்தப் புத்தகத்திலும் இல்லாத கொக்கி.

அருங்காட்சியகத்தில் பூச்சிப் பெட்டிகளுக்குக் காவல் இருந்தே தலை நரைத்துவிட்டது. எல்லாம் அடுத்தவர் பெயர் வைத்த வண்டுகள். நான் பெயர் வைத்ததாக ஒரு கொசுகூடக் கிடையாது.

மார்ச் 5
வாய் சும்மா இருக்குமா? "புதுசுன்னா உன் பேரைத்தான் வைக்கப் போறேன்" என்று நாத்தனாரிடம் சொல்லிவிட்டேன். அவள் கணக்கு டீச்சர், பேச்சுக்குப் பஞ்சம் வைக்காதவள். சாயங்காலம் தையல்கடைக்காரர் என்னை நிறுத்தி, இந்தச் செய்தியை எனக்கே சொன்னார்.

மார்ச் 11
படம் வரைந்தாயிற்று. நாத்தனார் பார்க்க வந்தாள். பளபளப்பு பிடித்திருந்தது. அடுத்த தாளைப் புரட்டினாள்.

"இது என்ன அண்ணி?"

சொன்னேன்.

"என் பேரைப் போட்டு, பக்கத்துலயே இதையும் போடுவீங்களா?"

"இது இல்லைன்னா உன் பேரே இல்லைம்மா."

"எங்க ஸ்கூல்ல பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"நல்லா வரைஞ்சிருக்காங்கன்னு நினைப்பாங்க."

வீட்டுக்காரர் செய்தித்தாளுக்குப் பின்னால் குலுங்கினார். தங்கை பக்கமா மனைவி பக்கமா என்று வந்துவிட்டால், அவர் எப்போதும் செய்தித்தாள் பக்கம்.

மார்ச் 12
கட்டுரையை அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 20
பத்திரிகையிலிருந்து பதில். கட்டுரையைப் படித்துப் பார்த்த நிபுணர், ஒரே ஒரு ஆண் வண்டு போதாது, இன்னும் வேண்டும் என்கிறார். பக்கத்து மேஜைப் பட்டாம்பூச்சிக்காரருக்கு ஒரே கொண்டாட்டம்: "ஒரு மாப்பிள்ளை பத்தாதாமா மேடம்?" அவருக்கென்ன, இறக்கையைப் பார்த்தாலே போதும். யாருடைய உடுப்பையும் அவிழ்க்க வேண்டியதில்லை.

நாத்தனாரிடம் சொன்னதுதான் தாமதம், தோட்டத்தில் மண்டி போட்டுவிட்டாள்.

ஏப்ரல் 26
காப்பிப்பொடி பாட்டில் நிறைய வண்டுகள். எல்லாம் அதே செம்பு, அதே பளபளப்பு.

"ஒரு வாரமா காளானுக்கு அடியிலதான் குடித்தனம். கொக்கி இருக்கான்னு பாருங்க அண்ணி."

ஏப்ரல் 28
இல்லை. ஒரு ஆணுக்கும் கொக்கி இல்லை. எல்லாம் மழுங்கல் நுனி. அந்த வண்டுக்கு என் தாத்தா காலத்திலேயே பெயர் வைத்தாயிற்று. என் மேஜைக்கு மூன்று பெட்டி தள்ளி இருக்கிறது.

அப்போ நான் பார்த்தது என்ன?

ஏப்ரல் 29
தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

மார்ச் 4 அன்று, உடம்பு இளகட்டும் என்று இரண்டு வண்டுகளை ஊறப்போட்டிருந்தேன். ஒன்று நாத்தனாருடைய செம்பன். இன்னொன்று கேன்டீனுக்குப் பின்னால் குப்பைமேட்டில் நானே பொறுக்கிய கருப்பன், மங்கல் மூஞ்சி. உறுப்பை உருவி, அந்தந்த வண்டு இருக்கிற அட்டையிலேயே ஒரு சொட்டுக் கோந்தில் ஒட்டி வைப்பது வழக்கம். அந்த நேரம் பார்த்துப் போன். நாத்தனார்தான். "அண்ணி, என் பூச்சியைப் பார்த்தீங்களா?" பேசிக்கொண்டே ஒட்டினேன். செம்பன் அட்டையில் கருப்பனுடைய கொக்கி, கருப்பன் அட்டையில் செம்பனுடைய மழுங்கல்.

கொக்கியோடு சேர்ந்து வயிற்றின் கடைசி வளையமும் வந்திருக்கிறது. அது கருப்பு. செம்பு வண்டுக்குக் கருப்பு வால் எப்படி வரும் என்று ஒரு குழந்தை கேட்கும். நான் கேட்கவில்லை. "வயிற்றின் நுனி அழகிய கருநிறம்" என்று கட்டுரையில் வர்ணித்திருக்கிறேன்.

ஏப்ரல் 30
சும்மா இருந்துவிட்டால்? பெட்டியை யாரும் திறக்கப் போவதில்லை. நான் போய்ச் சேர்ந்த பிறகு எவனாவது திறந்து, யாருடா இந்தப் பொம்பளைன்னு சிரிப்பான். சிரிக்கட்டுமே, கேட்க நானா இருக்கப்போறேன்?

செத்துப்போன எத்தனை பேரைப் பார்த்து நான் அப்படிச் சிரித்திருக்கிறேன்.

மே 2
கட்டுரையைத் திரும்பப் பெற்றேன்.

மே 3
நாத்தனாரிடம் சொன்னேன். புது இனம் நிஜம், ஆனால் அது குப்பைமேட்டுக் கருப்பன் என்று.

"அப்போ நான் பிடிச்சது இல்ல."

"இல்லைம்மா."

"நான் போன் பண்ணதாலதானே?"

"ஒட்டினது என் கைதானே."

"ஹெச்.எம். எல்லார் முன்னாடியும் கூப்பிட்டுச் சொன்னாரு அண்ணி. பசங்க கை தட்டுனாங்க."

காப்பியைக் குடிக்காமல் போய்விட்டாள்.

மே 9
நாத்தனார் பேசுவதில்லை. வீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்தே வைத்துவிட்டார். விஷயம் அவ்வளவு முற்றிவிட்டது.

"பேரை அவளுக்கே வெச்சிடேன்."

"குப்பைமேட்டுப் பூச்சிக்கா? இன்னும் கோவிச்சுக்குவா."

"அவகிட்ட கேட்டியா?"

கேட்கவில்லை.

மே 16
கேன்டீன் குப்பைமேட்டில், மூக்கில் துணி கட்டிக்கொண்டு அழுகிய முட்டைக்கோஸ் இலைகளைக் கிளறிக்கொண்டிருந்தேன். எனக்கும் இன்னும் ஆண்கள் வேண்டுமே.

"தள்ளுங்க. இப்படிக் கிளறினா ஓடிடாதா?"

நாத்தனார். ரப்பர் செருப்பு, கையில் பழைய ஸ்பூன். இரண்டு பேருமாகக் கிளறினோம். நாலு கருப்பன்கள் சிக்கினார்கள், மூன்று அவள் பிடித்தது. வாசனையைப் பற்றி எழுத மாட்டேன்.

"உன் பேரை வைக்கவா? கிடைச்ச இடம் குப்பைமேடுன்னு கட்டுரையில போட்டே ஆகணும்."

"பார்க்க அழகா இருக்குமா?"

"இருக்காது."

"கொக்கி?"

"அது இருக்கும்னு நினைக்கிறேன்."

ஸ்பூனை இலையில் துடைத்தாள். "வைங்க."

மே 18
நாலுக்கும் கொக்கி. போனை அணைத்து வைத்துவிட்டு ஒட்டினேன்.

நவம்பர் 22
அச்சாகிவிட்டது. பிரதியைக் கொடுக்க நாத்தனார் வீட்டுக்குப் போனேன். யாருடனோ போனில் இருந்தாள், உட்காரச் சொல்லிக் கை காட்டினாள். தட்டில் பிஸ்கட்.

"ஆமா, எங்க அண்ணிதான் கண்டுபிடிச்சது. பேரு என் பேரு. எங்கேயா? நம்ம வீட்டுத் தோட்டத்துலதான், காளானுக்கு அடியில."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். குரல் கொஞ்சம் இறங்கியது.

வண்டுக்கு அடியில் குத்தும் சீட்டில் பிடித்த இடம் ஒரு தெரு தள்ளி எழுதியிருந்தாலும் கிழித்துப் போடுகிறவள் நான். இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டேன்.