மிரியத்தின் வீட்டு விலாசம்

அன்பான ரூத் அக்கா,

இதை டொச்சில் எழுதப் பயமாக இருக்கிறது. இந்த ஜேர்மன் ஊரில் யார் கையில் எது போய்ச் சேரும் என்று இப்போது எனக்குத் தெரியவில்லை. ஆகவே உங்களுக்கு வாசிக்கத் தெரியாத என் மொழியில் எழுதுகிறேன்.

நீங்கள் கண்ணை மூடி மூன்று வருடங்களுக்குப் பிறகு நகரசபை சம்மதித்துவிட்டது. இந்த ஊரில் வாழ்ந்த உங்களைப் போன்ற கறுப்பின மக்களின் படங்களை, ஆஸ்பத்திரி வேலை முடிந்த கையோடு வீடு வீடாகக் கேட்டுச் சேர்த்தீர்களே, அவை இனி நகர மண்டபச் சுவரில் நிரந்தரமாக இருக்கும். சுரங்கத் தொழிலாளி, டிராம் ஓட்டியவர், உலகப் போருக்கு முன் இங்கே பள்ளிக்குப் போன சகோதரிகள், எல்லோரும். கீழே பலகையில் உங்கள் பெயர். நாளை மதியம் திறப்புவிழா. உங்கள் மகள் மிரியம்தான் பேசுகிறாள்.

நான் ஒரு பிழை செய்துவிட்டேன், அக்கா. எங்கள் ஆட்களும் வரட்டும் என்று தமிழிலும் டொச்சிலும் அழைப்பிதழ் அடித்தேன். கல்யாணமோ செத்தவீடோ, எங்கள் அறிவித்தல்களில் வீட்டு விலாசமும் தொலைபேசி இலக்கமும் இல்லாமல் இராது. அந்தப் பழக்கத்தில் மிரியத்தின் இரண்டையும் போட்டுவிட்டேன். யாரோ ஒன்றை எல்லோரும் பார்க்கும் கடைவாசல் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள்.

முதலில், பேசாத அழைப்புகள். பிறகு அவள் வீட்டுக்கு எதிரே யாரும் இறங்காத ஒரு கார். பிறகு தபால்பெட்டியில் அதே அழைப்பிதழ். அதில் அச்சடித்திருந்த உங்கள் படத்தில் இரண்டு கண்களும் துளைக்கப்பட்டிருந்தன.

“விசரி! பந்திக்குச் சொல்லுற மாதிரி வீட்டு விலாசமெல்லாம் போட்டிருக்கிறாய். ஆருக்கு வழி காட்டினனி?” என்று என் கணவர் கத்தினார்.

இதுவரை ஒன்றும் நடக்கவில்லையே என்றது பொலிஸ். இன்னொரு நாள் வைக்கலாமா என்று கேட்டார் நகரசபைப் பெண்மணி. எந்த நாள்?

நேற்று அவள் வீட்டில் தொலைபேசியை நான் எடுத்தேன். வயதான, மரியாதையான ஆண்குரல். விழா எப்போது தொடங்கும் என்று அவர் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு முடியும், ஆட்கள் எந்தக் கதவால் வெளியே வருவார்கள் என்று கேட்டார். யார் பேசுகிறீர்கள் என்று கேட்டேன். நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

போகாதே என்று மிரியத்திடம் கெஞ்சினேன். உங்களுக்கு இரவு வேலை இருந்த வருடங்களில் எங்கள் வீட்டில் வளர்ந்தவள், என் பிள்ளைகளைவிட நன்றாகத் தமிழில் வாயடிக்கிறாள்.

“ஏலாது சித்தி. படம் கேட்டுப் போன அம்மாவுக்கு எத்தினை பேர் கதவைச் சாத்தினவை? அவ திரும்பவும் போனவதானே? நானும் போறன்.” பிறகு சிரித்தாள். “பயமெண்டா நீங்கள் வீட்டில இருந்து வடை சுடுங்கோ.”

அந்தக் கதவுகளுக்கு முன்னால் நீங்களும் பயந்தீர்களா, அக்கா? நீங்கள் சொல்லவில்லையா, நான்தான் கேட்கவில்லையா?

நாளை அவள் பேசி முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பேன். எந்தக் கதவால் வெளியே போனாலும் முதலில் காலெடுத்து வைப்பவள் நான். மிரியம் எனக்குப் பின்னால்தான் வருவாள். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் கூடப்பிறக்காத தங்கை,
மிரியத்தின் சித்தி,
சாந்தி