இதமான மொழிபெயர்ப்பு

அன்புள்ள உங்களுக்கு,

முதலில் நல்ல செய்தி. கை காலோடு முழுசாக இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன். செல்போன் கோபுரம் சாய்ந்து கிடப்பதால் பேச வழியில்லை. மருந்து லாரி ஓட்டுநர் எல்லையைத் தாண்டியதும் இதைத் தபாலில் சேர்ப்பதாகச் சொன்னார். அவர் கிளம்புவதற்குள் எழுதிவிட வேண்டும். கணக்கில் மார்க் குறைந்ததற்குப் பாப்பாவைத் திட்டாதீர்கள். அவள் கவனம் எங்கே இருக்கும் என்று நமக்குத் தெரியாதா?

இனி என் எரிச்சல். உங்களிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்டுவேன்?

வேற்று நாட்டாரோடு எப்படி வேலை செய்வது என்று கிளம்புமுன் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். புன்னகை செய்யுங்கள், காது கொடுத்துக் கேளுங்கள் என்று திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். சிரித்துச் சிரித்து எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். ஒரு பள்ளிக்கூடத்தை ஆஸ்பத்திரியாக்கி என்னைப் பொறுப்பாளராக உட்கார வைத்திருக்கிறார்கள். நர்ஸுகள் எல்லாரும் இந்த ஊர்க்காரர்கள். அறுவை மருத்துவர் இன்னொரு நாட்டுக்காரர். எல்லாருக்கும் நடுவில் மொழிபெயர்க்க ஒருவன். பட்டுப் போலப் பேசுவான். ஆளுக்கொரு பக்கம் இழுக்கிற வண்டி இது. ஓட்டுவது நான்.

வந்ததும் நான் போட்ட முதல் உத்தரவு, அபாயச் சங்கு ஊதினால் நோயாளிகள் உள்பட எல்லாரும் அடித்தள அறைக்கு இறங்கிவிட வேண்டும் என்பது. தலைமை நர்ஸ் தலையை ஆட்டினார். போரில் ஆஸ்பத்திரி நடத்துவது அவருக்குப் புதிதில்லை. அவர் ஒரு பார்வை பார்த்தால் வார்டே அடங்கும். ஆனால் சங்கு ஊதும்போதெல்லாம் நர்ஸுகள் மேலேயே நின்றார்கள். மறுபடி சொன்னேன். மறுபடி தலையாட்டல். “இஷ்டமில்லேன்னா வேலையை விட்டுட்டுப் போகட்டும்!” என்று ஒருநாள் கத்தியே விட்டேன். மொழிபெயர்ப்பாளன் சொன்னதைக் கேட்டுத் தலைமை நர்ஸ் புன்னகையோடு எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தார்! சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

போன வாரம் பகலிலேயே குண்டு விழத் தொடங்கியது. இந்த முறை விடுவதில்லை என்று வார்டில் நானே நின்று, ஒவ்வொரு கட்டிலாகக் கிளப்பினேன். படிக்கட்டு பாதியில் திரும்பும் இடத்தில் முதல் ஸ்ட்ரெச்சர் சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. பின்னால் நோயாளிகள், அவர்களுக்குப் பின்னால் தூக்குகிறவர்கள், எல்லார் தலையிலும் காரை உதிர்கிறது. யாரோ பின்னாலிருந்து தள்ளியதில் ஸ்ட்ரெச்சர் சரிந்துவிட்டது. அதில் வயிற்று அறுவை முடிந்த ஒரு பெண். தையல் பிரிந்துவிட்டது. அந்தப் படியிலேயே துணியை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் என் கோட்டு நுனியைப் பிடித்த பிடி இன்னும் விடவில்லை போலிருக்கிறது. பிழைத்துவிட்டாள், மருத்துவர் மறுபடி தைத்தார்.

எல்லாம் அடங்கி மேலே போனால், வார்டின் ஜன்னல்கள் நொறுங்கிக் காலிக் கட்டில்கள் முழுக்கக் கண்ணாடி. யார் செய்தது சரி, சொல்லுங்கள். தலைமை நர்ஸும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

படிக்கட்டு குறுகல் என்று ஒருத்தராவது எனக்குச் சொல்லக் கூடாதா என்று வெடித்தேன். தலைமை நர்ஸ் பதிலுக்கு நெடுநேரம் பேசினார். குரல் நடுங்கியது, கண் கலங்கியது. மொழிபெயர்ப்பாளன் என்னிடம், “வருத்தப்படறாங்க மேடம், அவ்வளவுதான்” என்றான். அத்தனை பேச்சுக்கு இத்தனைதானா? இவர்கள் மொழியில் நான் கற்றது சில சொற்கள்தான். அவற்றில் ஒன்று படிக்கட்டு. அந்தச் சொல் அவர் பேச்சில் திரும்பத் திரும்ப வந்தது.

அவனைத் தனியே இழுத்துப்போய்க் கேட்டேன். கக்கிவிட்டான். ஸ்ட்ரெச்சர் திரும்பாது என்று அந்தம்மா முதல் வாரமே சொல்லியிருக்கிறார். இவன் என்னிடம் “சரின்னு சொல்றாங்க” என்றிருக்கிறான். நான் வேலையை விட்டுப் போகட்டும் என்றதை, “உங்களைப் பத்தி மேடத்துக்கு ரொம்பக் கவலை” என்று மாற்றியிருக்கிறான். அந்தத் தேநீர் அதற்குத்தான்! ஏன் இப்படிச் செய்தாய் என்றால், “உங்க பேச்சை அப்படியே சொன்னா அவங்க போயிருப்பாங்க. அவங்க பேச்சை அப்படியே சொன்னா நீங்க போயிருப்பீங்க. அப்புறம் ஆஸ்பத்திரிய யார் நடத்துறது?” என்கிறான். அடிக்கவும் முடியவில்லை, அணைக்கவும் முடியவில்லை.

எல்லாரையும் சாப்பாட்டு அறையில் உட்கார வைத்து, இனி ஒரு சொல்லும் மாறக் கூடாது என்றேன். தலைமை நர்ஸ் சொன்னார்: “வந்த நாள்லேருந்து நீங்க எங்களை ஒரு கேள்வி கேட்டதில்ல. உத்தரவுதான் போட்டீங்க.” சுருக்கென்று தைத்தது. முகத்துக்கு நேராக முடியாது என்று ஒரு தடவை நீங்கள் சொல்லியிருக்கலாமே என்று திருப்பிக் கேட்டேன். “எல்லார் முன்னாடியும் சொன்னா உங்களுக்கு அவமானம். அதனாலதான் உங்க ஆள்கிட்ட சொல்லி அனுப்பினேன்” என்றார். மரியாதை கொடுத்தே என்னைக் கவிழ்த்திருக்கிறார்கள்!

அறுவை மருத்துவருக்கு இதெல்லாம் ஏறவே இல்லை. அவர் நாட்டில் எதையும் மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடுவார்களாம். உத்தரவை மீறிய தலைமை நர்ஸை நீக்கு, பொய் சொன்னவனையும் நீக்கு என்றார். இரண்டுக்கும் மறுத்தேன். இப்போது அறுவை அறையைத் தவிர வேறெங்கும் என்னோடு பேசுவதில்லை. தலைமைப் பொறுப்பு என்றால் என்ன என்று என்னைக் கேட்டால், மூன்று பக்கமும் பகைத்துக்கொண்டு அடுத்த நாள் எல்லாரையும் வேலைக்கு வரவைப்பது என்பேன்.

கடைசியில் ஒரு வழி பிறந்தது. நடக்க முடிந்தவர்கள் கீழே. முடியாதவர்களை, அறைகளுக்கு நடுவே ஜன்னலே இல்லாத நடைவழியில் சுவரோரமாக வைப்பது. அவர்களோடு இருவர் முறை வைத்து நிற்பது. இதற்கு யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, மனமிருப்பவர்கள் சொல்லலாம் என்றேன். தலைமை நர்ஸ் கேட்டார்: “சங்கு ஊதும்போது நீங்க எங்க இருப்பீங்க?”

நம் ஆள் அதை அப்படியே மொழிபெயர்த்தான். ஒரு சொல்லைக்கூட இதமாக்கவில்லை. பாவி, நேர்மை வருவதற்கு அந்த நேரம்தானா கிடைத்தது?

விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் கேட்ட ஒரே வாக்கு, எது நடந்தாலும் முதலில் கீழே இறங்கிவிடு என்பது. அது எனக்கு நன்றாக நினைவிருந்தது. நினைவிருந்துதான், அந்த நடைவழியில் என்று பதில் சொன்னேன். அதன் பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள்.

கோபப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கடிதம் வந்த அன்றே கோபப்பட்டு முடித்துவிடுங்கள். டிவியில் இந்த ஊர்ப் பெயர் வந்தால் அணைத்துவிட்டு, பாப்பாவைக் கூட்டிக்கொண்டு எங்காவது வெளியே போய் வாருங்கள். அம்மா எங்கே இருக்கிறாள் என்று அவள் கேட்டால், சுவர் கெட்டியான இடத்தில் என்று சொல்லுங்கள். அது பொய்யில்லை.

அவள் தலையில் என் கையாக உங்கள் கையை வைத்துவிடுங்கள்.

உங்கள்,
நான்தான்